கிலுகிலுப்பை

மச்சான் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்த அன்று நான் மெஷினை ஓட்டாமல் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். வட்டக் கழுத்து, நீல நிறம், நெஞ்சில் ஒரு கடலும் பாதி மூழ்கிய சூரியனும். மனிதருக்கு ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. எனக்குத் தெரிந்த நாளிலிருந்து முழுக்கைச் சட்டைதான் போடுவார். மணிக்கட்டுப் பட்டன்வரை போட்டுக்கொண்டு வந்து, வேலை தொடங்கும்போது அவிழ்த்து, மடித்து மடித்து முழங்கைக்குக் கீழே நிறுத்துவார். அந்த மடிப்புகூட இரண்டு கையிலும் ஒரே அளவாக இருக்கும். அப்படிப்பட்டவர் கடலையும் சூரியனையும் சுமந்துகொண்டு வந்தால் சும்மா விட முடியுமா?

"என்ன மச்சான், பொண்ணு பாக்கப் போறீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"உங்க அக்காகிட்ட பர்மிஷன் வாங்கிட்டேன் மாப்ள" என்றார், நிமிர்ந்து பார்க்காமலே. அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரித்த கையோடு மெஷினை ஓட்டிவிட்டேன். அதை வேறு மாதிரி பார்க்க வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை.

மச்சான் என் மனைவிக்கு அண்ணன். எனக்குக் கல்யாணமான புதிதில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தொடங்கிய பட்டறை இது. லாரி, வேன், டிராக்டர் எஞ்சின்களின் கிராங்க் ஷாஃப்ட்டைத் தேய்த்துச் சரிசெய்து கொடுப்பது எங்கள் தொழில். எஞ்சினுக்குள் கோணல்மாணலாக வளைந்து கிடக்கும் கனத்த இரும்புத் தண்டுதான் கிராங்க் ஷாஃப்ட். மேலே பிஸ்டன்கள் ஏறி இறங்குவதை இதுதான் சுழற்சியாக மாற்றுகிறது. அதில் உருண்டையாக, கண்ணாடிபோல மழமழவென்றிருக்கும் இடங்களுக்கு ஜர்னல் என்று பெயர். அந்த இடங்கள்தான் பேரிங்குக்குள் உட்கார்ந்து சுற்றும், அந்த இடங்கள்தான் தேயும். தேய்வது என்றால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இல்லை. மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கை நாங்கள் பாயிண்ட் என்போம். ஒரு தலைமுடி ஆறேழு பாயிண்ட் தடிமன் இருக்கும். தலைமுடியில் பாதி தேய்ந்தால்கூட எஞ்சின் முனக ஆரம்பித்துவிடும். அப்போது நாங்கள் ஜர்னலை ஒரு படி கீழே இறக்கித் தேய்த்து உருண்டையாக்கிக் கொடுப்போம், மெக்கானிக் அதற்கேற்ற தடித்த பேரிங்கைப் போட்டுக்கொள்வார். இப்படி நாலு படி இறங்கலாம். அதற்குக் கீழே பேரிங் யாரும் செய்வதில்லை. அதோடு அந்த ஷாஃப்ட்டின் கதை முடிந்தது.

அளப்பது மச்சான், தேய்ப்பது நான். அவருடைய மைக்ரோமீட்டர் பச்சைத் துணி ஒட்டிய மரப்பெட்டியில் இருக்கும். அரைவட்டப் பிடி, இரண்டு முனை, நடுவில் ஜர்னலை வைத்துத் திருகினால் முனைகள் நெருங்கி வந்து தொடும். அங்கேதான் வித்தை இருக்கிறது. முனை இரும்பைத் தொடுகிறதா, கவ்வுகிறதா, நசுக்குகிறதா என்பதை விரல்நுனிதான் சொல்ல வேண்டும். கொஞ்சம் கூடுதலாக இறுக்கிவிட்டால் பிடியே நெகிழ்ந்து கொடுத்து, அளவு உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். இந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் செய்தவர்கள் கடைசியில் ஒரு சின்னத் திருகு வைத்திருக்கிறார்கள். அதைப் பிடித்துத் திருகினால், போதுமான அழுத்தம் வந்ததும் தானாக நழுவிக் கிர்க் கிர்க் என்று சத்தம் போடும். மச்சான் அதைத் தொட்டதே கிடையாது. அதற்கு அவர் வைத்த பெயர் கிலுகிலுப்பை.

"குழந்தை அழுதா கையில குடுக்கறது மாப்ள. அளக்கறவனுக்கு எதுக்கு அது?" என்பார்.

அவர் அளந்து எண்ணைச் சொல்வார், நான் அதை மெஷின் உடம்பில் சாக்பீஸால் எழுதிக்கொண்டு அவ்வளவும் எடுப்பேன். மறுபடி அளப்பார். இன்னும் நாலு என்பார், இன்னும் ஒன்று என்பார், போதும் என்பார். போதும் என்றால் போதும். இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன எண்ணை நான் ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை. பட்டறையில் எனக்கு மனநிம்மதி இருந்தது என்றால் அதற்குக் காரணம் அதுதான்.

அந்த நிம்மதிக்கு உலை வைத்தவர் பொறுமைசாலி. அவர் பக்கத்துத் தெருவில் எஞ்சின் பிரித்துக் கோக்கிற மெக்கானிக். பொறுமை என்பது அவருக்குச் சொல்லியும் வராத ஒன்று என்பதால் எல்லோரும் சேர்ந்து வைத்த பெயர், அவரும் ஏற்றுக்கொண்டுவிட்டார். நாங்கள் தேய்த்துக் கொடுத்த வேன் ஷாஃப்ட்டை, எஞ்சினோடு சேர்த்து ஒரு தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டே வந்துவிட்டார்.

"சுத்திப் பாருங்க" என்றார். "கையால சுத்திப் பாருங்க. எனக்கு முதுகு போச்சு."

சுற்றினேன். ஜர்னல்களை இறுக்கி மூடிய ஷாஃப்ட் கையால் தள்ளினால் வழுவழுவென்று சுற்ற வேண்டும். இது செக்கு இழுக்கிற மாதிரி இழுத்தது. மச்சான் அன்று பட்டறையில் இல்லை. சும்மா செக்கப் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். பொறுமைசாலி ஜர்னலைப் பிடித்திருக்கும் பேரிங் மூடி ஒன்றைக் கழற்றி, மெழுகு நூலில் ஒரு துண்டைக் கிள்ளி ஜர்னல்மேல் வைத்தார். மூடியை இறுக்கித் திரும்பக் கழற்றினால், நடுவில் சிக்கிய நூல் நசுங்கிக் கிடக்கும். எவ்வளவு அகலமாக நசுங்கியிருக்கிறதோ அவ்வளவு இடைவெளி குறைவு. நூல் வந்த உறையிலேயே அதற்கு அளவுகோல் அச்சடித்திருக்கும். உறையைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஆறு பாயிண்ட் இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருந்தது.

"இதை அப்படியே ஓட்டியிருந்தா ஊர் எல்லை தாண்டறதுக்குள்ள எஞ்சின் இறுகிப் பிடிச்சிருக்கும்" என்றார்.

மச்சானின் மரப்பெட்டியைத் திறந்தேன். முதலில் அதோடு வரும், அளவு பொறித்த இரும்பு அளவுக்கட்டையை வைத்துப் பார்த்தேன். மைக்ரோமீட்டர் சொக்கத் தங்கம், ஒரு பாயிண்ட்கூடப் பிசகவில்லை. பிறகு கிலுகிலுப்பையைத் திருகி ஜர்னலை அளந்தேன். எடுக்க வேண்டியதில் மூன்று பாயிண்ட் எடுக்காமல் மிச்சமிருந்தது. இன்னொரு ஜர்னல், அதிலும் மூன்று. கருவியில் குறையில்லை என்றால் குறை எங்கே இருக்கிறது என்று யோசிக்கப் பெரிய மூளை வேண்டாம். கருவி பொய் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

"நான்தான் கடைசியில பாலிஷ் பண்ணாம அனுப்பிட்டேன். அஞ்சு நிமிஷம் இருங்க" என்று பொறுமைசாலியிடம் சொன்னேன். ஷாஃப்ட்டைக் கழற்றி மாட்டித் தேய்க்க அஞ்சு நிமிஷம் எங்கே போதும், ஆனால் அவர் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். நான் பொய் சொல்கிறேன் என்பது அவருக்கும் தெரிந்திருக்கலாம்.

வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் மனைவியிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "உங்க அண்ணனுக்கு உடம்பு எப்படி இருக்கு?"

அவள் கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கேட்பேன் என்று காத்துக்கொண்டிருந்தவள் மாதிரி இருந்தது.

"விரல் மரத்துப் போகுதாங்க. சர்க்கரை கூடி நரம்பைப் பிடிச்சிருச்சு. கொஞ்ச நாளா சட்டைப் பட்டனை அண்ணிதான் போட்டுவிடறாங்க. துளை எங்க இருக்கு, பட்டன் எங்க இருக்குன்னு விரலுக்குத் தெரியலையாம். போன வாரம் அண்ணி ஏதோ அவசரத்துல, நான் இல்லன்னா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டிருக்காங்க. சாயந்தரமே போய் டி-ஷர்ட்டா வாங்கிட்டு வந்துட்டாராம்."

நான் தட்டை ஓரமாக நகர்த்தினேன்.

"அதை வச்சு நீங்க எதுவும் கிண்டல் பண்ணலையே?"

தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். அவள் புரிந்துகொண்டாள். இருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போடவில்லை, அதுவே இன்னும் கஷ்டமாக இருந்தது.

"பட்டறையில என்ன ஆச்சு?" என்றாள்.

சொன்னேன். கேட்டுவிட்டு, "அவர்கிட்ட நேரா சொல்லிடுங்க. ஆனா மனசு நோகாத மாதிரி சொல்லுங்க" என்றாள்.

இரண்டில் ஏதாவது ஒன்றைத்தான் செய்ய முடியும் என்று அவளுக்கும் தெரியும். அளவு சொல்வதுதான் அவர். அதை எடுத்துவிட்டால் பட்டறையில் அவர் எங்கே நிற்பார், எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்? ஷாஃப்ட் கழுவுவாரா, வருகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுவாரா? அதை என் வாயால் சொல்ல வேண்டும். இரவெல்லாம் வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் அது ஒரே இடத்தில்தான் குத்தியது.

அதனால் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வேலை செய்தேன். மச்சான் போதும் என்று சொன்னதும், "ஒரு பாலிஷ் போட்டுடறேன் மச்சான்" என்று சொல்லி, அவர் அடுத்த ஷாஃப்ட்டுக்குத் திரும்பிய நேரத்தில் இன்னும் மூன்று பாயிண்ட் எடுத்தேன். அவ்வளவுதான். பொறுமைசாலியிடமிருந்து புகார் வருவது நின்றது. மச்சான் வழக்கம்போல அளந்தார், வழக்கம்போல எண் சொன்னார், நான் வழக்கம்போலச் சாக்பீஸால் எழுதினேன். யார் மனமும் நோகவில்லை, எஞ்சினும் ஓடுகிறது. என் கெட்டிக்காரத்தனத்தை எண்ணி எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. ஒரே ஒரு சங்கடம், அவரைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. டீ டம்ளரை விளிம்பில் பிடிக்காமல் கொதிக்கிற இடத்திலேயே உள்ளங்கை முழுதும் பதியப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார். மைக்ரோமீட்டரைத் திருகும்போது விரல்நகம் வெளுத்துப்போகிற அளவுக்கு இறுக்குவார். இறுக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கணம் நிற்பார். எங்கேயோ தூரத்திலிருந்து வரும் பதிலுக்காக நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். மெஷின் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இப்படியிருக்கும்போதுதான் அந்தப் பழைய லாரி ஷாஃப்ட் வந்தது. லாரிக்காரரே தூக்கிக்கொண்டு வந்தார், கூடவே பொறுமைசாலி. சொந்த வண்டி, அவரே ஓட்டுகிறவர். அந்த மாடல் இப்போது வருவதில்லை, உதிரியும் கிடைப்பதில்லை. ஏற்கெனவே மூன்று படி இறங்கிய ஷாஃப்ட், மிச்சம் இருப்பது நாலாவது படி மட்டும்.

"இதோட கடைசி" என்றார் லாரிக்காரர். ஷாஃப்ட்டைத் தரையில் வைக்காமல் மேசைமேல் வைத்து, அடியில் சாக்குத் துணியை இழுத்துவிட்டார். "பாத்துப் பண்ணுங்கண்ணே. வண்டி நின்னா நானும் நிக்க வேண்டியதுதான்."

"நீங்க கவலைப்படாமப் போங்க" என்றார் மச்சான்.

அன்றைக்கு மச்சான் எப்போதையும்விட நிதானமாக அளந்தார். ஒவ்வொரு ஜர்னலையும் துடைத்துத் துடைத்து, மேலும் கீழுமாக, குறுக்கும் நெடுக்குமாக. நானும் நிதானமாகத்தான் தேய்த்தேன். கடைசி ஜர்னலில், "இன்னும் அஞ்சு" என்றார். அஞ்சு எடுத்தேன். "போதும்" என்றார். பாலிஷ் போடுகிறேன் என்று மூன்று எடுத்தேன். முதல் ஜர்னலிலிருந்து எல்லாவற்றுக்கும் அப்படித்தான் செய்திருந்தேன்.

மறுநாள் பொறுமைசாலி தள்ளுவண்டியோடு வந்தார். வந்தவர் கத்தவில்லை. தள்ளுவண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசாமல் நின்றார். அவர் பேசாமல் நின்று அதுவரை நான் பார்த்ததே இல்லை. பிறகு மூடியைக் கழற்றி, மெழுகு நூலை வைத்து, இறுக்கி, மறுபடி கழற்றிக் காட்டினார். நூல் நசுங்கியும் நசுங்காமலும் கிடந்தது. உறையை வைத்துப் பார்த்தால் ஒன்பது பாயிண்ட். எண்ணெய் அழுத்தம் நிற்காது, சூடேறினால் தடதடவென்று அடிக்கும். இதற்குமேல் தடித்த பேரிங் கிடையாது. ஜர்னலில் வெல்டிங் வைத்து ஏற்றித் தேய்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள், ஆனால் அதை நம்பி லோடு ஏற்ற முடியாது.

மூன்று பேரும் அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மச்சான்தான் முதலில் வாய் திறந்தார். "நான் மூணு கூட்டிச் சொன்னேன்" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"என் கை கூட இறுக்குதுன்னு எனக்குத் தெரியும் மாப்ள. அளவுக்கட்டையை வச்சுப் பாத்தேன், மூணு பாயிண்ட் கம்மியாக் காட்டுது. அதனால வர்ற அளவுல மூணு கூட்டிச் சொன்னேன். ரெண்டு எடுக்கணும்னா அஞ்சுன்னு சொன்னேன்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "இந்த ஷாஃப்ட்லதான் முதல்ல அப்படிச் சொன்னேன். கடைசி ஷாஃப்ட்டு, வீணாயிடக்கூடாதேன்னு."

"நானும் மூணு எடுத்தேன் மச்சான்" என்றேன். "கொஞ்ச நாளாவே எடுத்துட்டிருக்கேன்."

அவர் முகத்தில் என்னென்னவோ வந்து போயிற்று. கோபம் வரும் என்று நினைத்தேன், வந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். எனக்குத் தெரிந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்த நேரம் அது. அவர் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்து, சூரியன் அச்சடித்த நெஞ்சின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

பொறுமைசாலி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர்மேல ஒருத்தர் இவ்வளவு பாசமா இருந்தா, என் எஞ்சின் கதி என்ன?" என்றார். சொல்லிவிட்டு, திட்டுவதற்கு வேறு ஒன்றும் கிடைக்காமல், தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

லாரிக்காரரிடம் நாங்களே போய்ச் சொன்னோம். வேறு ஷாஃப்ட் தேடித் தருவது எங்கள் பொறுப்பு என்று மச்சான் சொன்னார். லாரிக்காரர், "கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

பழைய இரும்புக் கடைகள் எல்லாம் ஊருக்கு வெளியே, பெரிய சாலையைத் தாண்டி இருந்தன. கிளம்புகிற அன்று மச்சான் முழுக்கைச் சட்டையில் வந்தார். என் மனைவி அவருடைய சட்டைகளை எல்லாம் வாங்கி வந்து, உட்கார்ந்து பட்டன்களைப் பிரித்து, அடியில் டிச் பட்டன் வைத்துத் தைத்து, பழைய பட்டனைப் பார்வைக்காக மேலே தைத்துக் கொடுத்திருந்தாள். உள்ளங்கையால் அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். கிண்டல் பண்ண நல்ல வாய்ப்புதான். நான் வாயை மூடிக்கொண்டு வேனை ஓட்டினேன்.

"என்ன மாப்ள, இன்னிக்கு எதுவும் சொல்லலையா?" என்றார் அவரே.

"மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க மச்சான்."

"அந்தப் பேரு உங்களுக்குத்தான்" என்று சிரித்தார். கொஞ்ச தூரம் போன பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார். "டாக்டர் கையில ஒரு நரம்பு மாதிரி வச்சிருக்கார் மாப்ள, தூண்டில் நரம்பு மாதிரி. கண்ணை மூடச் சொல்லிட்டு அதை வச்சு விரல்லயும் பாதத்துலயும் குத்திக் குத்தி, தெரியுதா தெரியுதான்னு கேட்டார். சில இடத்துல தெரிஞ்சுது. சில இடத்துல அவர் குத்தினாரா இல்லையான்னே தெரியல. மனுஷனுக்கும் தேய்மானம் அளக்க ஒரு வழி வச்சிருக்காங்க."

"என்ன சொன்னார்?"

"போனது போனதுதானாம். இனிமே போகாமப் பாத்துக்கணுமாம். தடிச்ச பேரிங் எதுவும் வருமான்னு கேட்டேன். அவருக்குப் புரியல."

நான் சிரித்தேன். கண் மங்கியதால் வேனைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டினேன். இத்தனை நாள் நான் ஒளித்து வைத்ததும் அவர் ஒளித்து வைத்ததும் ஒன்றுதான், அது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இப்போது சும்மா உட்கார்ந்திருந்தது. அப்படி உட்கார்ந்திருப்பது அவ்வளவு மோசமாக இல்லை.

ஏறி இறங்கிய கடைகளில் ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியாகப் போன கடையில் தகரக் கூரைக்கு அடியில் எஞ்சின் கூடுகள் மலையாகக் கிடந்தன. ஓர் ஆள் சம்மட்டியால் அவற்றை உடைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வோர் அடிக்கும் தகரம் சேர்ந்து அதிர்ந்தது. சுவரோரமாக ஷாஃப்ட்டுகளை விறகு அடுக்குகிற மாதிரி அடுக்கியிருந்தார்கள். கடைக்காரர் கையைக் காட்டிவிட்டு, பார்த்துக்கொள்ளுங்கள் என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அரைநாள் புரட்டினோம். துரு என் முழங்கைவரை ஏறியது. எங்களுக்கு வேண்டிய மாடலில் மூன்று கிடைத்தன. ஒன்று வளைந்தது. இன்னொன்றை நான் கயிற்றில் கட்டித் தூக்கிப் பிடிக்க, மச்சான் சுத்தியலால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். ஓட்டைப் பாத்திரம் மாதிரி சத்தம் வந்தது, எங்கேயோ விரிசல். மூன்றாவது, தட்டியதும் நீளமாக ரீங்காரம் போட்டது. அவர் முகம் மலர்ந்தது. அதைத் தூக்கி ஒரு பலகைமேல் வைத்து, துணியில் எண்ணெய் தொட்டு ஜர்னலைத் துடைக்க ஆரம்பித்தார். துருவுக்கு அடியிலிருந்து பளபளப்பு எட்டிப் பார்த்தது.

இனி ஒன்றுதான் பாக்கி. எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். ஒரு படியாவது இறக்க இடம் இருந்தால் லாரி ஓடும். இல்லையென்றால் இது வெறும் இரும்பு.

மச்சான் மரப்பெட்டியைத் திறந்து மைக்ரோமீட்டரை எடுத்தார். எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இனிமே நீங்களே அளங்க மாப்ள."

எத்தனையோ இரவு நான் திருப்பிப் போட்டுப் பார்த்த வாக்கியம் அது. அவரே சொல்லிவிட்டார், அதுவும் சாதாரணமாக. வாங்கிக்கொண்டேன். கிலுகிலுப்பையைத் திருகி அளந்து, எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மச்சான், தேயவே இல்ல. புதுசு மாதிரி இருக்கு."

அவர் குனிந்து பார்த்தார். "எந்த இடத்துல வச்சீங்க?"

காட்டினேன்.

"அது பாரமே விழாத பக்கம். வீட்டுல எல்லாரும் நடக்கிற வழியை விட்டுட்டு பீரோவுக்கு அடியில தரையைப் பாத்தா புதுசாத்தான் இருக்கும்" என்றார். "எஞ்சினுக்குள்ள வெடிக்கிற அடியை வாங்கற பக்கம் இது. இங்க வைக்கணும். அப்புறம் ஓரத்துல ஒண்ணு, நடுவுல ஒண்ணு."

நான் மைக்ரோமீட்டரை அவர் கையிலேயே திருப்பி வைத்தேன். "நீங்களே பாருங்க. எனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது."

மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. விரல்களைத் துணியில் ஒவ்வொன்றாகத் துடைத்தார். பிறகு முனைகளை ஜர்னலில் பொருத்தி, வழக்கமாகப் பிடிக்கும் இடத்தைத் தாண்டி விரலைக் கடைசிவரை கொண்டுபோய், அந்தச் சின்னத் திருகைப் பிடித்தார். நான் வேறெங்கோ பார்க்கிற மாதிரி நின்றேன்.

திருகினார். சம்மட்டி இறங்கியது. தகரம் அதிர்ந்தது. அவர் கருவியை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடி திருகினார், மறுபடி சம்மட்டி. நழுவியதா இல்லையா என்பது அவர் விரலுக்குத் தெரியவில்லை, அந்தச் சத்தத்தில் காதுக்கும் எட்டவில்லை. நெற்றியில் வேர்த்திருந்தது. நான் சம்மட்டிக்காரரை நோக்கி இரண்டடி வைத்தேன். தலை வலிக்கிறது, கொஞ்சம் நிறுத்துங்கள் என்று சொல்வதாக உத்தேசம். இந்த மாதிரிப் பொய்களில் இப்போது எனக்கு நல்ல பழக்கம் வந்துவிட்டிருந்தது.

"அண்ணே" என்று எனக்குப் பின்னாலிருந்து மச்சானின் குரல் வந்தது. பட்டறையில் எண் சொல்கிற அதே குரல். "கொஞ்சம் நிறுத்துங்க. எனக்கு விரல்ல உணர்ச்சி இல்ல. இதோட சத்தத்தைக் கேட்டுத்தான் அளக்கணும்."

சம்மட்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். ஓங்கிய சம்மட்டியை இறக்காமல் அப்படியே தோளில் சாய்த்துக்கொண்டார். நாற்காலியில் இருந்தவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கூரையின் அதிர்வு மெல்ல அடங்கியது. நான் பையிலிருந்து சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகையின் மறுபக்கம் போய் நின்றேன். மச்சான் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு திருகினார்.

கிர்க். கிர்க். கிர்க்.